திருமெய்யத்து மதில்

தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு ஸ்தலத்துக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சிவன் கோயிலா, பெருமாள் கோயிலா?" என்பதுதான். விபூதி கொண்டு வந்தாயா, துளசி கொண்டு வந்தாயா என்பதெல்லாம் அப்புறம். திருமயத்துக்குப் போய் வந்தவனுக்கு இந்தக் கேள்வி பெரிய சங்கடத்தை உண்டாக்குகிறது. "இரண்டுந்தான்" என்று சொன்னால், "அப்படியானால் இரண்டு இடத்துக்குப் போனாயா?" என்பார்கள். "இல்லை, இடம் ஒன்று, மலை ஒன்று" என்று சொல்ல வேண்டும். "மலை ஒன்றென்றால் மதிலும் ஒன்றுதானே?" என்று கேட்டுவிட்டார்களோ, போச்சு! அங்கேதான் 1245-ஆம் வருஷத்துக் கதை ஒன்றை ஆதியோடந்தமாகச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கதையை நேயர்களுக்கும் சொல்லி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஏனெனில், அது வெறும் பழங்கதையாக எனக்குப் படவில்லை.

புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது திருமயம். அதன் பழைய பெயர் திருமெய்யம். மெய்யாகிய சத்தியம் குடிகொண்ட இடம் என்று பொருள் சொல்கிறார்கள். புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் செம்மண் பூமியும், தைலமரக் காடுகளும், நீர் இருக்கிறதோ இல்லையோ பெயருக்குக் குறைவில்லாத கண்மாய்களும் ஜன்னல் வழியே ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சமவெளியின் நடுவில் ஒரு பாறை மலை எழுந்து, தலையில் கோட்டையைச் சூடிக்கொண்டு நிற்கும். அதுதான் திருமயம்.

என்னோடு வந்த சிநேகிதர் ஓர் இஞ்சினீயர். பாலம் கட்டுவது அவருடைய தொழில். ஆகையால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாலத்தைத்தான் முதலில் விசாரிப்பார். உத்தியோக நிமித்தமாக ஐரோப்பாவில் வருஷக்கணக்காக இருந்தவர். பால்கன் பிரதேசத்தில், போஸ்னியா நாட்டைச் சேர்ந்த மோஸ்தார் என்னும் புராதன நகரத்தைப் பார்த்துவிட்டு வந்தது முதல் அவருக்கு வேறு பேச்சே கிடையாது. ஒரே ஊரில் மசூதி, கத்தோலிக்க மாதா கோயில், கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களின் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றனவாம். "இந்த மாதிரி ஊர் நம் பக்கத்தில் உண்டா, சொல்லும்!" என்று அவர் சவால் விட்டதன் பலனாகவே இந்தப் பிரயாணம் ஏற்பட்டது.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு தெய்வம் எங்களைத் தடுத்து நிறுத்திவிட்டது. கோட்டையின் வடபுற வெளிமதிலில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி பைரவர் எழுந்தருளியிருக்கிறார். கோட்டை பைரவர் என்று பெயர். அவ்வழியே செல்லும் மோட்டார் வண்டிகள் அவரிடம் விடை பெறாமல் போவது துர்லபம். லாரிக்காரர் தேங்காய் உடைக்கிறார். கார்க்காரர் கற்பூரம் ஏற்றுகிறார். ஒரு சேனை உள்ளே புகாமல் தடுப்பதற்கென்று எழுப்பிய மதில், இப்போது வருகிறவர் போகிறவரின் க்ஷேமத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் அமர்த்திக்கொண்ட ஆட்டோ வண்டியை ஓட்டியவர் ஒரு முஸ்லிம் வாலிபர். நாங்கள் கேட்காமலே அவரும் வண்டியை நிறுத்தினார். "இறங்கிக் கும்பிட்டுட்டு வாங்க சார். இங்கே நிக்காமப் போனா வண்டியில வர்றவங்களுக்கு மனசு சரியிருக்காது" என்றார். தமக்கும் அப்படித்தானா என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மலையின் தெற்குச் சரிவில், ஒரே பாறையில் அக்கம் பக்கமாகக் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள் இருக்கின்றன. ஒன்றில் சத்தியகிரீசுவரர், வேணுவனேசுவரி அம்மையுடன் கோயில் கொண்டிருக்கிறார். மற்றொன்றில் சத்தியமூர்த்திப் பெருமாள், உஜ்ஜீவனத் தாயாருடன் எழுந்தருளியிருக்கிறார். இரு சுவாமிகளின் திருநாமத்திலும் சத்தியம் இருக்கிறது. ஊர்ப் பெயரை இரண்டு பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு விட்டார்கள்!

முதலில் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று இது; திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தது. ஸ்ரீரங்கத்துக்கும் மூத்தது என்று சொல்லி இதை "ஆதிரங்கம்" என்று அழைக்கிறார்கள். குகைக்குள்ளே தாய்ப் பாறையிலேயே செதுக்கப்பட்டுப் பள்ளிகொண்டிருக்கிறார் பெருமாள். இந்தியாவிலுள்ள சயன மூர்த்திகளுள் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று. ஒரே பார்வையில் முழுவதையும் சேவித்துவிட முடியாது. பட்டாச்சாரியார் தீபத்தைத் திருமுகத்திலிருந்து மெள்ள மெள்ளத் திருவடி வரையில் கொண்டுபோகிறார். நம்முடைய கண்கள் அந்தச் சுடருக்குப் பின்னால் நடந்துபோகின்றன.

அந்தப் பாறையில் ஒரு நாடகமே நடக்கிறது. மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள் போருக்கு வந்தார்களாம். நித்திரையில் இருக்கும் எஜமானரை எழுப்புவானேன் என்று ஆதிசேஷனே விஷ ஜ்வாலையைக் கக்கி அவர்களை விரட்டிவிட்டானாம். பிறகு, உத்தரவில்லாமல் இப்படிச் செய்துவிட்டோமே என்று பயந்து நடுங்கினானாம். பகவான் புன்னகை புரிந்து அவனைத் தேற்றினாராம். இந்த ஜ்வாலையும், ஓடுகிற அசுரர்களும், மேலே சூழ்ந்து நிற்கும் தேவர்களும் முனிவர்களும் எல்லாம் அந்தக் கல்லில் இருக்கின்றன. பயந்துபோன பாம்புக்கு ஆறுதல் சொல்லும் தெய்வத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முத்தரையர் குலத்தைச் சேர்ந்த பெரும்பிடுகு பெருந்தேவி என்ற அரசமாதேவி இக்கோயிலுக்குத் திருப்பணி செய்திருக்கிறாள். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேலாகிறது. அந்தக் காலத்திலேயே இது பழைய கோயில்.

பிரசாதம் கொடுத்துவிட்டுப் பட்டாச்சாரியார், "அப்படியே பக்கத்திலேயும் போய்த் தரிசனம் பண்ணிண்டு போங்கோ. ஒண்ணை மாத்திரம் சேவிச்சுட்டுத் திரும்பப்படாது" என்றார். பெருமாள் கோயில் பட்டர் சிவன் கோயிலுக்கு வழி சொன்னதைக் கேட்டதும் என் சிநேகிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உமது ஊர் மோஸ்தாரில் இது உண்டா?" என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்ற ஆசையை மட்டும் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

சிவன் கோயில் குகையில் நம்மை அப்படியே நிறுத்திவிடுவது லிங்கோத்பவ மூர்த்தி. அக்கினி ஸ்தம்பத்தைப் பிளந்துகொண்டு ஈசன் வெளிப்படும் கோலத்தைப் பாறையில் ஆளுயரத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். இதே குகையில் பழைய சங்கீதக் கல்வெட்டு ஒன்றின் சிதைந்த எச்சமும் இருக்கிறது. குடுமியான்மலையில் முழு உருவத்தில் கிடைத்திருக்கும் புகழ்பெற்ற சங்கீதக் கல்வெட்டுக்கு இதை உறவு என்று சொல்லலாம். ஆனால் நான் அதிக நேரம் நின்றது லிங்கோத்பவருக்கு முன்னால்தான். அதற்குக் காரணம் உண்டு.

லிங்கோத்பவரின் கதை நேயர்களுக்குத் தெரியும். பிரம்மாவும் விஷ்ணுவும் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதிட்டார்கள். நடுவே ஒரு ஜோதி ஸ்தம்பம் தோன்றியது. பிரம்மா அன்னமாகி முடியைத் தேடினார். விஷ்ணு வராகமாகி அடியைத் தேடினார். இருவரும் காணாமல் திரும்பினார்கள். அதாவது, இந்தக் குகையின் சித்தாந்தப்படி சிவனுக்கு மேல் ஒரு தெய்வம் இல்லை. சரி, வெளியே வந்து சில அடி நடந்து அடுத்த குகைக்குள் நுழைந்தால்? அங்கே பெருமாள் யாதொரு கவலையுமின்றி பள்ளிகொண்டிருக்கிறார்; தேவர்களெல்லாம் சூழ்ந்து நின்று சேவிக்கிறார்கள். அங்கே சர்வேசுவரன் அவர்தான். "யார் பெரியவர்?" என்ற வழக்கில் இரு கட்சிக்காரர்களும் தத்தம் தீர்ப்பைத் தாங்களே எழுதி, ஒரே பாறையில், காது கேட்கும் தூரத்தில் செதுக்கி வைத்துவிட்டார்கள். அவற்றில் எதையும் எக்காலத்திலும் திருத்த முடியாது.

இப்படிப்பட்ட இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே முற்றத்தில் குடியிருந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சாதாரணச் சண்டை அல்ல. கோயில்களுக்குச் சேர்ந்த கிராமங்களின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று தொடங்கிய தகராறு நெடுங்காலம் நீடித்தது. 13-ஆம் நூற்றாண்டில் அது முற்றிப்போய், உள்ளூர்க்காரர்களால் தீர்க்க முடியாத நிலையை அடைந்தது.

அப்போது பாண்டிய சிங்காசனத்தில் இருந்தவன் இரண்டாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன். ஆனால் காவேரிக் கரையில், ஸ்ரீரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூரில் தங்கித் தமிழ்நாட்டு அரசியலில் செல்வாக்குச் செலுத்திக்கொண்டிருந்தவர்கள் கன்னட தேசத்து ஹொய்சளர்கள். அவர்களுடைய தளபதி அப்பண்ண தண்டநாயகன் 1245-ஆம் வருஷத்தில் இந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டான். அவன் தனியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. சுற்றுப்புறத்து நாட்டாரையும், நகரத்தாரையும், அரையர்களையும், இரு சமயத்துப் பெரியோர்களையும் ஒரு பெரிய சபையாகக் கூட்டினான். அந்தச் சபையில் வழக்குத் தீர்ந்தது. பொதுவாக வரும் வருமானத்தில் சிவனுக்கு இவ்வளவு, பெருமாளுக்கு இவ்வளவு என்று பங்கு வகுத்தார்கள். இரு கோயில்களுக்கும் எல்லை குறித்து, இடையே மதில் எழுந்தது. முடிந்த தீர்ப்பைக் கல்லில் வெட்டினார்கள். புதுக்கோட்டைச் சீமையின் கல்வெட்டுக்களைச் சமஸ்தானத்தார் திரட்டி 1929-ஆம் வருஷத்தில் அச்சிட்டு வெளியிட்டார்கள். இந்த மாதிரிச் செய்திகள் நமக்குத் தெரியவருவது அந்தப் புண்ணியவான்களின் உழைப்பினால்தான்.

மதிலோரமாக நின்று இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் சிநேகிதர் பெருமூச்சு விட்டார். "இவ்வளவுதானா? கடைசியில் சுவர் எழுப்பிப் பிரித்துவிட்டார்கள்! மோஸ்தாரில் பாலம் கட்டிச் சேர்த்தார்கள் ஐயா!" என்றார்.

நியாயமான கேள்விதான். அந்தப் பாலத்தின் கதையை அவரே பல முறை எனக்குச் சொல்லியிருக்கிறார். நெரெத்வா என்ற நதியின் மேல், துருக்கி சுல்தான் ஸுலைமானின் கட்டளைப்படி, ஹைருத்தீன் என்ற சிற்பி ஒற்றை வளைவாகக் கட்டி 1566-ல் முடித்த கல் பாலம் அது. பாலத்தைக் காவல் காத்தவர்களுக்கு "மோஸ்தாரி" என்று பெயர். அதிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது. நானூறு வருஷங்களுக்கு மேல் அதன் வழியாக முஸ்லிம்களும், கத்தோலிக்கர்களும், கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களும் போய் வந்தார்கள். 1992-ல் யுத்தம் மூண்டது. முதலில் ஒரே பக்கத்தில் நின்று போராடிய முஸ்லிம்களும் குரோவாசியரும் அடுத்த வருஷமே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். குரோவாசியப் படையின் பீரங்கிக் குண்டுகள் தொடர்ந்து தாக்க, 1993 நவம்பர் 9-ந் தேதி அந்தப் பாலம் இடிந்து நதியில் விழுந்தது. அதைப் பழைய முறைப்படியே மீண்டும் கட்டி 2004-ல் திறந்தார்கள். ஆனால் போர் முடிந்து பல வருஷங்கள் கழிந்த பின்னரும் அந்த நாட்டின் சில ஊர்களில், ஒரே பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குள் இரு சமூகத்துக் குழந்தைகளும் தனித்தனி வகுப்பில் உட்கார்ந்து, தனித்தனிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீர் சொன்ன கதைதான், யோசித்துப் பாரும்" என்றேன். "பாலம் இருந்த ஊரில் அது நடந்தது. மதில் இருக்கிற ஊரில் பட்டர் நமக்குச் சிவன் கோயிலுக்கு வழி சொல்கிறார். அதனால் பாலத்தைக் காட்டிலும் மதில் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த யுத்தத்துக்குக் காரணங்கள் ஆயிரம் இருந்திருக்கும். கல் எங்கேயும் கல்தான். அதன் பின்னால் என்ன உடன்படிக்கை இருக்கிறது என்பதல்லவா விஷயம்?"

திருமெய்யத்துச் சபையார் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்யாமல் விட்ட காரியம். "சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா?" என்ற கேள்விக்குள் அவர்கள் இறங்கியதாகத் தெரியவில்லை. இறங்கியிருந்தால் அந்தச் சபை இன்று வரையில் கலைந்திருக்காது! லிங்கோத்பவரை மூடு என்று ஒருவரும் சொல்லவில்லை. பெருமாளைச் சூழ்ந்திருக்கும் தேவர் கூட்டத்தில் ஒருவரைக் குறை என்று ஒருவரும் கேட்கவில்லை. தத்துவத்தைத் தத்துவக்காரர்களிடம் விட்டுவிட்டு, நெல்லைப் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு கோயில்களிலும் மறுநாள் உலை ஏறுவதற்கு வழி செய்தார்கள். பங்கு பிரிந்ததே ஒழிய, பங்கு வருகிற வழி பிரியவில்லை. பொதுவான வருமானத்தில் இருவருக்கும் பாத்தியதை இருக்கிற வரையில், மழை பொய்த்தால் இருவருக்கும் நஷ்டம். விளைந்தால் இருவருக்கும் லாபம். அடுத்த வீட்டுக்காரன் அழிய வேண்டுமென்று பிரார்த்தனை செய்ய அங்கே இடமில்லை.

தீர்த்து வைத்தவன் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பண்ணன் உள்ளூர்க்காரன் அல்ல; தமிழனும் அல்ல. அவனுடைய எஜமானர்களின் தேசத்தில் பேளூரில் சென்னகேசவப் பெருமாளுக்கு ஓர் அற்புதமான கோயில் உண்டு. ஹளேபீட்டில் ஹொய்சளேசுவரர் என்ற பெயரில் சிவனுக்கு அதற்குச் சளைக்காத கோயில் உண்டு. இரண்டு கோயில்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் திருமெய்யத்துச் சண்டை தீர்க்கக்கூடிய சண்டையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்படிச் சபை கூடித் தீர்க்காத இடங்களில் என்ன நேர்ந்தது என்று அறியவும் புதுக்கோட்டைச் சீமையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. திருச்சி செல்லும் வழியில் நார்த்தாமலை இருக்கிறது. அங்கே மேலமலையில், விஜயாலய சோழீசுவரத்துக்கு எதிரே ஒரு குகை. அதைச் "சமணர் குடகு" என்று அழைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சமண தீர்த்தங்கரர் ஒருவரும் இல்லை. ஆளுயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் அது பெருமாள் கோயிலாக மாறிவிட்டது. கிட்டத்தட்டத் திருமயத்தில் மதில் எழுந்த அதே காலம்! சித்தன்னவாசலில் சமணர்களின் சித்திரம் எஞ்சியிருக்கிறது. அங்கே கற்படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அங்கே தவம் செய்தவர்கள் அவர்கள். 9-ஆம் நூற்றாண்டிலும் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் வந்து அந்தக் கோயிலைப் புதுப்பித்திருக்கிறார். ஆயினும் இன்று அந்தக் குகையில் விளக்கேற்ற ஒரு சமணக் குடும்பம் இல்லை. சித்திரத்தைப் பார்க்க டிக்கட் வாங்கிக்கொண்டு நாம் போகிறோம். ஒரு சமயத்தார் இருந்த இடத்தில் அவர்கள் பெயர் மட்டும் இருப்பது ஒரு வகை. இரண்டு சமயத்தாரும் மதிலுக்கு இரு பக்கமும் உயிரோடு இருப்பது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் சம்மதம். மதில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கோயில் வாசலில் பூ விற்கும் கிழவி ஒருத்தியைச் சிநேகிதர் சோதித்துப் பார்த்தார். அவளுடைய ஒரே கூடையில் துளசியும் இருந்தது; வில்வமும் இருந்தது. "பாட்டி, நீ சிவன் கட்சியா, பெருமாள் கட்சியா?" என்று கேட்டார். கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிட்டுப் போறவுகளுக்கு வில்வம், இங்கிட்டுப் போறவுகளுக்குத் துளசி. ரெண்டு சாமியும் கண்ணைத் தொறந்தாத்தான் சாமி எம் அடுப்பு எரியும்" என்றாள். அப்பண்ண தண்டநாயகனின் தீர்ப்பை இதைக் காட்டிலும் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

வெயில் தாழ்ந்ததும் கோட்டையில் ஏறினோம். 1687-ல் இராமநாதபுரம் சேதுபதி, கிழவன் சேதுபதி என்று பெயர் பெற்ற விஜய ரகுநாத தேவர் கட்டிய கோட்டை இது. ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில்கள் இருந்தனவாம், எஞ்சியவை சிலவே. வாயில்களில் அநுமாரும் விநாயகரும் கருப்பரும் காவல் இருக்கிறார்கள். ஏறும் வழியில், செங்குத்தான பாறையின் நடுவில் ஒரு சிறு குகை. அதில் ஒரு லிங்கம். உச்சியில் பீரங்கி ஒன்று யாரையும் குறி வைக்காமல் படுத்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு கோயில்களின் கோபுரங்களும் ஒரே சட்டத்துக்குள் மாட்டிய இரட்டைப் படம் போலத் தெரிகின்றன. நடுவிலுள்ள மதில் அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கோடாகத்தான் தெரிகிறது.

இந்த ஊரில் 1887 ஆகஸ்டு 19-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஊர்ப் பெருமாளின் திருநாமமே அமைந்தது: சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையில் படித்து, சென்னைக்குச் சென்று, சட்டசபையிலும் மேடையிலும் சர்க்காரைத் திணற அடித்த தீரர் சத்தியமூர்த்தி அவர்தான். அப்போது திருமயம் தொண்டைமான் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ந் தேதிதான் இந்திய யூனியனில் இணைந்தது. அவர் 1939-ல் சென்னை நகரத்தின் மேயரானார். பட்டணத்து ஜனங்களின் தாகம் தீரப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். அது பூர்த்தியாவதைப் பார்க்காமலே 1943 மார்ச் 28-ந் தேதி காலமானார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரு சம்பவம் கோட்டை உச்சியில் எனக்கு நினைவு வந்தது. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக அவருடைய சீடரான காமராஜர் வந்தார். குருவான சத்தியமூர்த்தி அந்தச் சீடரின் கீழ்க் காரியதரிசியாக இருந்து வேலை செய்தார். வாக்குவாதத்தில் விட்டுக்கொடுக்காத மனிதர், பதவியில் விட்டுக்கொடுத்தார். கொள்கையை விடாமல் பங்கை விடுவது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தந்தது திருமெய்யத்து மதில்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த மதிலோரத்தில் பிறந்தவர் அப்படி நடந்துகொண்டது பொருத்தமாக இருக்கிறது.

கீழே இறங்கியதும் ஆட்டோ வாலிபர், "இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாவாவைப் பார்க்காமப் போறதா?" என்றார். மதுரைச் சாலையில் கொஞ்ச தூரம் சென்றால் காட்டுபாவா பள்ளிவாசல். இந்தப் பிரதேசம் அடர்ந்த காடாக இருந்த காலத்தில் இங்கே அடங்கிய பெரியவரின் தர்க்கா அது. ரபியுல் ஆகிர் மாதத்தில் நடக்கும் உரூஸ் விழாவுக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் திரண்டு வருகிறார்கள். நாங்கள் போனது சாதாரண நாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த ஒரு தாய், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரியவர் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். அவள் அதைக் குழந்தையின் உதட்டில் தடவினாள். அங்கே யாரும் யாரையும் இன்ன ஜாதி, இன்ன மதம் என்று விசாரிக்கவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்றுதான் விசாரித்தார்கள்.

இந்த ஜில்லாவிலேயே ஆவூரில் பழைய கத்தோலிக்க மாதா கோயில் இருக்கிறது. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் அங்கே பணி புரிந்திருக்கிறார். ஆக, பாலம் கட்டும் சிநேகிதரின் சவாலுக்கு விடை கிடைத்துவிட்டது. அவரும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்ட ஒரு கேள்வி என்னை விடவில்லை. "மோஸ்தார்க்காரர்களும் 1990-ல் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையா? நம் ஊரில் நானூறு வருஷமாகப் பாலம் நிற்கிறது, இனி என்ன பயம் என்று?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லித் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியாகவும் அது இல்லை. எண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு சபை கூடியது என்பதற்காக இன்றைக்கு நாம் கை கட்டி உட்கார்ந்திருக்க முடியாது. வழக்கு என்பது ஊர் உள்ள வரையில் வந்துகொண்டே இருக்கும். குளம், சந்து, ஊர்வலம் போகிற தெரு, ஒலிபெருக்கி என்று அதற்குப் புதிது புதிதாகக் காரணம் கிடைக்கும். வரும்போதெல்லாம் ஊரார் கூட வேண்டும். இரு தரத்துப் பெரியவர்களும் உட்கார வேண்டும். அவரவர் தெய்வத்தை அவரவரிடம் விட்டுவிட்டு, பிரிக்கக்கூடியதைப் பிரித்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். திருமயத்துக்காரர்கள் ஒரு தடவை இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு அந்தக் கல்வெட்டே அத்தாட்சி.

புதுக்கோட்டைப் பக்கம் போகிற நேயர்கள் அரை நாள் ஒதுக்கித் திருமயத்தில் இறங்குங்கள். மத்தியானத்தில் கோயில்கள் நடை சாத்திவிடும். ஆகையால் காலையிலேயே போய்விடுவது உசிதம். எந்தக் கோயிலுக்கு முதலில் போவது என்று கேட்டால், அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அது அப்பண்ண தண்டநாயகனே தொடாத விஷயம்.